அம்மாவுக்கு ஆபரேஷன், மகனை யார் பார்ப்பது? முக்கூடல் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பு பற்றி

மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கு நேரில் போய் வேலை செய்யும் சிறிய களக்குழு எங்களுடையது. திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடல் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரு குடும்பத்தோடு 2024ஆம் ஆண்டு முழுவதும் தொடர்பில் இருந்தோம். அந்த ஆண்டில் நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறோம். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். இதே சிக்கலோடு நிற்கும் குடும்பங்களும் களப்பணியாளர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது.

குடும்பப் பின்னணி

அம்மாவுக்கு 52 வயது. பீடி சுற்றுகிறார். மகனுக்கு 23. பிறந்தபோது அழவில்லை, மூச்சு தாமதமாகவே வந்தது, மூளை முடக்குவாதம். கை கால் நான்கிலும் இறுக்கம், அறிவுசார் குறைபாடு, வலிப்பு. வலிப்புக்குத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. பேச்சு கிடையாது, ஆனால் வீட்டாருக்கு அவன் சொல்வது புரியும். எடை 44 கிலோ.

அப்பா கொல்லத்தில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். மாதம் ஒருமுறை வருவார். மகளை ஆலங்குளம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கைக்குழந்தை இருக்கிறது. வீட்டில் நான்காவது ஆள் ஆச்சி, அப்பாவின் அம்மா. 78 வயது. பேரனுக்குச் சோறு ஊட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தூக்க முடியாது.

பீடித் தொழில் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்திப்போனதற்குக் காரணம் உண்டு. சொளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம், மகன் முனகினால் எழுந்து போகலாம். முக்கூடல், பாப்பாக்குடி, கடையம் பக்கமெல்லாம் இப்படி வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே பீடி சுற்றும் பெண்கள் நிறைய. வருமானம் தரும் வேலையும் பராமரிப்பும் ஒரே திண்ணையில் நடப்பதால், அவர்கள் செய்வது இரண்டு ஆள் வேலை என்பது வெளியே தெரிவதில்லை.

முதலில் கண்டது

2024 ஜனவரியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) மகனைப் பார்க்கப் போனபோது நாங்களும் போனோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் வலிநிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். அன்று வந்த நோக்கம் மகனின் இடுப்பு இறுக்கம்தான். ஆனால் அம்மா அவனைக் கட்டிலிலிருந்து இறக்கும்போது வயிற்றின் அடிப்பாகத்தை ஒரு பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்ததைச் சிகிச்சையாளர் கவனித்தார். தூக்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் குழுவில் இருந்த பெண் பணியாளர் தனியே பேசியபோது விஷயம் வந்தது. கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, மூன்று வருடமாக. இரண்டு வருடத்துக்கு முன்பே அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிச் சேர்க்கைச் சீட்டும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தது.

"ஆஸ்பத்திரியில நான் போய்ப் படுத்தா அவன யாரு தூக்குவா டீச்சர்? ஆச்சியா தூக்குவாவ?"

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறியபோது தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்த மாடி வீட்டுக்கு ஏறியிருக்கிறார். அதற்கப்புறம் உட்கார்ந்து பீடி சுற்றவே முடியவில்லை. முன்பு ஒரு நாளைக்கு 800 வரை சுற்றியவர் இப்போது 400 சுற்றுவதே பெரிய காரியம் என்றார்.

அம்மாவோடு உட்கார்ந்து ஒரு நாளை மணி வாரியாக எழுதினோம். விடியற்காலை நாலரையிலிருந்து இரவு பத்தரை வரை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, குளிக்க, திரும்ப என்று 44 கிலோ உடம்பை 14 முறை தனியாகத் தூக்குகிறார். பராமரிப்பாளரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஜாரிட் அளவுகோல் ஒன்று உண்டு. அதையும் கேட்டுப் பதிவு செய்தோம். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதைக் காட்டியது இந்த 14 என்ற எண்தான். கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பாரம் தூக்குவது ஒரு காரணம். ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது ஆறு வாரம் பாரமே தூக்கக்கூடாது. ஆக, மகனைப் பார்க்க ஆள் தேடுவது ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு வாரத்துக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு.

வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணமும் கையில் இருந்த காகிதமும்

மகனுக்குத் தாலுகா அலுவலகம் வழியாக வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 1,500 ரூபாய் வந்தது. 2023 ஜனவரிக்கு முன் அது 1,000. ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை 1,200. அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000. மொத்தம் 3,700 ரூபாய். சிறிய தொகை என்று தள்ள முடியாது, அடுப்பு எரிய உதவுகிற பணம். ஆனால் இதில் ஒரு ரூபாய்கூட அம்மா 23 வருடமாக ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்காக வருவது இல்லை. ஊனத்துக்கு, முதுமைக்கு, குடும்பத் தலைவி என்பதற்கு வருகிறது.

சட்டத்தில், பார்த்துக்கொள்ளும் அந்த ஆளுக்கு இடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 'பராமரிப்பாளர்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், கூலி வாங்காமல் பார்த்துக்கொள்ளும் பெற்றோரும் குடும்பத்தாரும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தருவதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்காக உதவியாளர் படியாக மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாடும் உண்டு. குடும்பத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் மகனின் காகிதங்கள் 9 வயதில் நின்றுபோயிருந்தன. பழைய ஊனச் சான்றிதழ், அதிலும் மறு பரிசோதனை செய்ய வேண்டும் என்ற குறிப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி எடுக்கவில்லை. வங்கிக் கணக்கு அம்மா பெயரோடு சேர்ந்த சிறுவர் கணக்கு. 18 முடிந்தபின் அதை எப்படி நடத்துவது என்று வங்கியில் கேட்டபோது சட்டப்படியான பாதுகாவலர் சான்று கேட்டிருக்கிறார்கள். பெத்தவளுக்கே சான்றா என்று அம்மா கோபப்பட்டு வந்துவிட்டார். கோபம் நியாயம்தான். ஆனால் 18 வயதுக்குப் பின் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆவதில்லை என்பதை யாராவது அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மகனின் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவின் பரிசோதனையை முன்னால் கொண்டுவருவது. பிப்ரவரியில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மூன்றாம் நிலை இறக்கம் என்றார்கள். ஆபரேஷன் வரை தாங்குவதற்காக உள்ளே ஒரு வளையம் பொருத்தினார்கள். அந்த வளையத்தோடேயே காலத்தைத் தள்ளிவிடலாமா என்று அம்மா கேட்டார். தினமும் 14 முறை தூக்கினால் வளையம் நிற்காது என்று டாக்டர் நேராகச் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. அதை ஏற்றாமல் ஆபரேஷன் கிடையாது. இந்தத் தாமதம் எங்களுக்கு ஒருவகையில் அவகாசம் ஆனது.

இரண்டாவது, தூக்குவதை உடனே குறைப்பது. தரையோடு இருந்த நார்க்கட்டிலுக்குப் பதில் இரும்புக் கட்டில், அதுவும் சக்கர நாற்காலியின் இருக்கை உயரத்துக்குச் சமமாகச் செங்கல் வைத்து ஏற்றியது. தூக்காமல், கெட்டியான துணியை அடியில் விரித்து இழுத்து மாற்றும் முறையை இயன்முறை சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்தார். மூளை முடக்குவாதத்துக்கான சிறப்புச் சக்கர நாற்காலிக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் விண்ணப்பித்தோம், அது ஜூனில் வந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ஓட்டை போட்டு அதையே கழிப்பறை நாற்காலி ஆக்கினோம். மார்ச் கடைசியில் 14 என்பது 6 ஆகியிருந்தது. செலவு மிகக் குறைவு. இந்த ஒரு மாற்றத்தை எந்த வீட்டிலும் முதல் வாரத்திலேயே செய்யலாம்.

மூன்றாவது, காகிதங்கள். மருத்துவக் குழுவில் புதிய சான்று எடுத்ததில் பல்வகைக் குறைபாடு 90 சதவீதம் என்று வந்தது. யுடிஐடி விண்ணப்பம் அதோடு போனது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் புறவுலகச் சிந்தனையின்மை (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு விண்ணப்பித்தார்கள். அந்தக் கையெழுத்துக்காக அப்பா வரும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டிலும் சேர்த்தோம். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன் மருத்துவப் பரிசோதனை இல்லாமல். செலவைச் செய்துவிட்டுப் பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும் என்பதால் மருந்துச் சீட்டையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைக்கச் சொன்னோம்.

உதவித்தொகையையும் மாற்ற முடிவு செய்தோம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். கூடுதல் 1,000 உதவியாளர் படிக்கு இதுதான் வாசல். தாலுகா உதவித்தொகையும் இதுவும் சேர்ந்து வாங்க முடியாது. பழையதை நிறுத்தியதற்கான கடிதம் கேட்டார்கள், ஏப்ரலில் நிறுத்தி வாங்கிக் கொடுத்தோம்.

நான்காவது முடிவுதான் கடினம். அந்த இரண்டு மாதம் மகன் எங்கே இருப்பான்?

'ஆளில்லை' என்ற கடிதம்

முதலில் இல்லங்களைத் தேடினோம். சில நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டு திருப்பி அனுப்பும் ஏற்பாடு தேசிய அறக்கட்டளையின் சமர்த் திட்டத்தில் உண்டு. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில், வயது வந்த ஆணை, வலிப்பும் உணவு ஊட்டும் தேவையும் உள்ளவனை ஏற்கிறோம் என்று சொன்னது ஒரே ஓர் இல்லம். அரசு மானியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது. பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், உதவவே நினைத்தார்கள். சிக்கல் அவர்களுடைய படிவத்தில் இருந்தது. சேர்க்கை என்றால் நிரந்தரச் சேர்க்கை. 45 நாளைக்கு என்று எழுத அதில் இடமே இல்லை. மானியக் கணக்கில் அவனைக் காட்ட வேண்டுமானால் 'பராமரிக்க ஆளில்லை' என்று பெற்றோர் கடிதம் தர வேண்டும். வெறும் சம்பிரதாயம்தான், ஆறு வாரம் கழித்துக் கூட்டிப் போய்விடலாம் என்றும் சொன்னார்கள்.

அம்மா பேனாவை வாங்கவே இல்லை.

"பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். ஆளில்லன்னு எப்படி எழுதிக் கொடுப்பேன்?"

வரும் வழியில் எங்களுக்குள்ளே இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. ஒரு கையெழுத்துதானே, வேலை முடியட்டும் என்பது ஒரு பக்கம். ஆனால் பாதுகாவலர் விண்ணப்பம் ஆட்சியர் குழுவில் இருக்கும்போது, அதே பெற்றோர் பராமரிக்க ஆளில்லை என்று எழுதிக் கொடுத்த கடிதம் வேறொரு கோப்பில் இருப்பது பின்னால் வினையாகும் என்பது இன்னொரு பக்கம். அம்மா மறுத்தது மான உணர்வால். ஆனால் சட்டப்படி பார்த்தாலும் அதுவே சரியான முடிவு.

கடிதம் இல்லாமல், மானியக் கணக்கில் சேர்க்காமல், சோதனையாக ஒரு பகலும் பிறகு ஓர் இரவும் இருக்கட்டும் என்று இல்லத்தார் ஒப்புக்கொண்டார்கள். பகல் நன்றாகவே போனது. இரவு சரியில்லை. முப்பது பேருக்கு இரண்டு பணியாளர்கள். அவனைச் சாய்த்துப் படுக்கவைத்தபடியே தண்ணியான சோறு ஊட்டியிருக்கிறார்கள், புரையேறிவிட்டது. வீட்டில் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாங்கி, நன்றாகக் குழைத்த கெட்டியான சோறு மட்டும்தான் கொடுப்பார்கள். பயந்துபோய் அடுத்த வேளை வாயையே திறக்கவில்லை. சோற்றில் வைத்துக் கொடுக்கும் வலிப்பு மாத்திரையும் போகவில்லை. காலையில் போன் வந்தது, போய்க் கூட்டிவந்தோம். பெரிய கெடுதல் எதுவும் ஆகவில்லை.

அந்த இரவு எங்களுக்கு ஒன்றைக் காட்டியது: அவனைப் பற்றிய அறிவு முழுவதும் அம்மாவிடம் மட்டும் இருந்தது. அடுத்த வாரம் அம்மா சொல்லச் சொல்ல ஒரு பக்கத்தாளில் எழுதினோம். கண்ணை மேலே தூக்கினால் சரி, முகத்தைத் திருப்பினால் வேண்டாம். பல்லைக் கடித்தால் சிறுநீர் வருகிறது. வலிப்புக்கு முன்னால் இடது கட்டைவிரல் உள்ளே மடங்கும். மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. வலது பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம். மிக்ஸி சத்தம் ஆகாது. ஊட்டும்போது எப்படி உட்காரவைப்பது என்பதற்கு இரண்டு போட்டோ. தாள் கட்டில் தலைமாட்டில் ஒட்டப்பட்டது. அதைப் படித்துவிட்டு அவன் அக்காவே, "இந்தப் பல்லு கடிக்கது எனக்கே தெரியாதும்மா" என்றார்.

வீட்டிலேயே ஓர் ஏற்பாடு

இல்லத்தை விட்டுவிட்டு, ஆட்களை வீட்டுக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. காரணம், புது இடத்தில் அவன் சாப்பிடமாட்டான் என்று தெரிந்துவிட்டது. புது ஆளை ஏற்பானா என்பதைப் பழகிப் பார்க்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

காலை ஆறிலிருந்து எட்டு வரையான வேலைதான் கனமானது: எழுப்புவது, கழிப்பறை, குளிப்பாட்டுவது, நாற்காலியில் உட்காரவைப்பது. 23 வயது ஆணைக் குளிப்பாட்ட ஆண்தான் வேண்டும் என்பதில் அம்மா தெளிவாக இருந்தார். அதே தெருவில், முன்பு ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்த பெரியவர் ஒருவர், சித்தப்பா முறை. நாளுக்கு 200 ரூபாய் பேசினோம். கணக்கைப் பார்த்தால் மாதம் 6,000. பராமரிப்பு உதவித்தொகை 2,000, உதவியாளர் படி 1,000, இரண்டும் கிடைத்தாலும் 15 காலைகளுக்குத்தான் காணும். மீதி 15 காலைக்கு அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கினார்.

மாலைக்குப் பெரியப்பா மகன், பாலிடெக்னிக் படிக்கிறவன். கல்லூரி விட்டு வந்ததும் தம்பியைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டுப் போவான். அவனுக்குக் கூலி பேசவில்லை, பேசினால் கோபித்துக்கொள்வான் என்றார்கள்.

பகல்தான் இடித்தது. எட்டு மணியிலிருந்து ஐந்து வரை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். இதற்கு வழி சொன்னது எங்கள் குழுவோ அரசுத் திட்டமோ அல்ல. அம்மாவோடு பீடி சுற்றும் பெண்கள். "கட்டில தார்சாவுக்குக் கொண்டாங்க, நாங்க இங்கன இருந்து சுத்துதோம்" என்றார் அதில் ஒருவர், அம்மாவுக்கு மைனி (அண்ணி) முறை. கட்டில் உள்ளறையிலிருந்து, வீட்டின் முன்கூடமான தார்சாவுக்கு வந்தது. நான்கைந்து பேர் அங்கேயே சொளகோடு உட்கார்ந்தார்கள். நேரம் வந்ததும் இரண்டு பேர் துணியின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துத் திருப்புவார்கள். அரை நிமிட வேலை. ஆனால் புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில் அவன் இருமுவானே என்ற கவலை எங்களுக்கு இருந்தது. காற்று வாக்கில் கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டு, தூள் புடைக்கிற வேலையை மட்டும் வாசலுக்கு மாற்றினோம். டயபர் மாற்ற ஒரு சேலைத் திரை.

ஒத்திகை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டோம். மே மாதம் மகள் வீட்டுக்கு ஓர் இரவு போய்த் தங்கச் சொன்னோம். போனார், கடைசி பஸ்ஸைப் பிடித்து ஒன்பது மணிக்குத் திரும்பி வந்துவிட்டார். மகன் அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜூலையில் உறவினர் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. இந்தமுறை இரண்டு இரவு தங்கினார். மகன் பிறந்தபின் கொடைக்குப் போய்த் தங்கியது அதுதான் முதல் தடவையாம்.

அறுவை சிகிச்சையும் அடுத்த வாரங்களும்

இரும்புச்சத்து ஊசி போட்டு ஹீமோகுளோபின் 10.6 ஆனது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஆபரேஷன் நடந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகள் அம்மாவோடு, அப்பா மகனோடு. கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது, நோயாளியைத் தூக்குவதும் சேர்த்து' என்று தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம், டாக்டர் எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு வரி நாங்கள் பேசியதையெல்லாம்விட அதிகம் வேலை செய்தது. அதுவரை "ஒரு வாரத்துல எந்திரிச்சிருவா" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆச்சி, அந்தச் சீட்டைப் படிக்கக் கேட்டபின் மருமகளைக் குடம்கூடத் தூக்க விடவில்லை.

அப்பா 19 நாள் இருந்தார். அதற்குமேல் இருந்தால் வேலை போய்விடும் என்று கிளம்பினார். நான்காவது வாரம் காலையில் வருகிற பெரியவருக்குக் காய்ச்சல். முதல் நாள் பெரியப்பா மகன் கல்லூரிக்கு லேட்டாகப் போய்ச் சமாளித்தான். இரண்டாம் நாள் அவனுக்குப் பரீட்சை. அம்மா தூக்கிவிட்டார். அன்று மாலை கொஞ்சம் இரத்தம் பட்டது, உடனே போய்க் காட்டினோம், தையல் பிரியவில்லை. மூன்றாம், நான்காம் நாளைக்கு வலிநிவாரணச் செவிலியர் தன் சுற்று வரிசையை மாற்றிக்கொண்டு காலையில் இந்த வீட்டுக்கு முதலில் வந்தார். அவருடைய வேலைப் பட்டியலில் அது இல்லை.

மகனுக்கு மூன்றாவது வாரம் இடுப்புக்குக் கீழே சிவந்தது. பக்கம் மாற்றுவதை ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஆக்கியதும் இரண்டு வாரத்தில் சரியானது. எடை இரண்டு கிலோ குறைந்து, நவம்பரில் திரும்ப ஏறியது. வலிப்பு வழக்கத்தைவிட அதிகம் வரவில்லை.

பணம்தான் நினைத்தபடி வரவில்லை. ஏப்ரலில் நின்ற தாலுகா உதவித்தொகைக்குப் பதிலாகப் பராமரிப்பு உதவித்தொகை செப்டம்பரில்தான் முதல் முறை கணக்கில் ஏறியது. நடுவில் ஐந்து மாதம், 7,500 ரூபாய், எதுவும் வரவில்லை. ஆள் கூலிக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட ஆகஸ்டும் அதற்குள் அடங்கியது. மகள் சங்கிலியை அடகு வைத்தார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தபின் கோப்பு நகர்ந்தது.

முடிவில் நின்ற இடம்

நவம்பரில் மூன்றாம் மாதப் பரிசோதனை. நன்றாக ஆறியிருந்தது. அம்மா ஒரு நாளைக்கு 600 பீடி வரை சுற்றுகிறார். காலை ஆள் முதல் பத்து வாரம் தினமும் வந்தார், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் வைக்கப் பணம் இல்லை. அவர் வராத நாளில் குளியலைத் தவிர்த்து உடம்பு துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டில் தார்சாவிலேயே இருக்கிறது, பீடி சுற்றும் பெண்களும் அங்கேயே தொடர்கிறார்கள்.

பாதுகாவலர் சான்று அக்டோபரில் வந்தது. வங்கிக் கணக்கு சரியானது. உதவியாளர் படிக்கான விண்ணப்பம் ஆண்டு முடியும்வரை முடிவாகவில்லை.

எதை மாற்றுவோம்

வரிசை மாறும். பழைய உதவித்தொகையை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் கடைசியில். புதிய ஆணை தயார், வங்கிக் கணக்கு சரி என்று எழுத்தில் தெரிந்தபின் நிறுத்தினால் இடைவெளி ஒரு மாதத்துக்குள் அடங்கும். அதோடு, ஆபரேஷன் போன்ற செலவு வரும் காலத்தில் இந்த மாற்றத்தைத் தொடவே கூடாது. பாதுகாவலர் விண்ணப்பத்தை 18 நிரம்பும் மாதத்திலேயே தொடங்குவது நல்லது. சிறப்புப் பள்ளிகளும் வீட்டுவழிக் கல்விக்கு வரும் ஆசிரியர்களும் 17 வயதிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடலாம், செலவில்லாத வேலை இது.

அந்த ஒருபக்கத் தாளை முதல் சந்திப்பிலேயே எழுதுவோம். இல்லத்துக்கு அனுப்புவதற்கு முன் அது இருந்திருந்தால் அந்த இரவு வேறுமாதிரிப் போயிருக்கும் என்று இல்லத்தாரே சொன்னார்கள். காலைக்கு ஒரே ஆளை நம்பாமல், பெரியவர் வராவிட்டால் யார் என்பதையும் பெயர் போட்டுத் தாளிலேயே எழுத வேண்டும்.

அரசு மாற்ற வேண்டியது என்று எங்களுக்குப் படுவது பெரிய திட்டம் எதுவும் இல்லை. மானியம் பெறும் இல்லங்களின் சேர்க்கைப் படிவத்தில் 'குறுகிய காலம்' என்று ஒரு கட்டம், அதற்குப் பராமரிப்பாளரின் மருத்துவச் சீட்டு மட்டும் போதும் என்ற விதி, மாவட்டத்துக்கு இரண்டு மூன்று கட்டில் ஒதுக்கீடு. ஆளில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் இடம் என்றால், ஆளாக நிற்கிறவர்கள் யாரும் அந்த வாசலுக்கு வரமாட்டார்கள். இன்னொன்று, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆஸ்வாஸகிரணம் என்ற திட்டத்தில் முழுநேரமும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். தொகை நம்முடையதைவிடக் குறைவு. ஆனால் பார்த்துக்கொள்பவர் என்ற பெயரிலேயே அது வருகிறது. கொல்லத்தில் வேலை பார்க்கும் அப்பாதான் இதை எங்களுக்கு முதலில் சொன்னவர், அங்கே சக தொழிலாளியின் மனைவி வாங்குகிறாராம்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். 50 வயதைத் தாண்டிய பெண் கொடுத்த தேதிக்கு வராமல் போகாதிருக்க, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று சேர்க்கைச் சீட்டு எழுதும்போதே கேட்டு ஒரு வரி குறித்துக்கொண்டால் போதும். இந்த அம்மாவிடம் அந்தக் கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை.

அடுத்து இந்தக் குடும்பம் எங்களிடம் கேட்டிருப்பது வேறு ஒன்று: பெற்றோர் இருவருக்கும் பின் பாதுகாவலர் யார்? மகள் சரி என்கிறார். மருமகன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தை மாதம் அவர் வந்தபின் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.